டியூப் சார் இணைத்த திரி

கணினியில் பாட்டுக் கேட்பதில் சண்டை போட இத்தனை விஷயம் இருக்கிறது என்று அவளுக்கு முப்பத்தேழு வயதுவரை தெரியாது. தெரியவந்த ஒரு வருடத்துக்குள், அந்தச் சண்டைகளுக்கு நடுவில் அவளையே நாற்காலி போட்டு உட்காரவைத்துவிட்டார்கள்.

பிழைப்பு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். காலை ஏழு மணிக்கு வெறும் வயிற்றோடு வந்து நிற்பவர்களின் கையைத் தட்டி நரம்பைத் தேடவேண்டும். ரத்தம் எடுத்து, குழாயில் பெயர்ச்சீட்டு ஒட்டி, மூடியின் நிறம் பார்த்துத் தட்டில் அடுக்கவேண்டும். பின்னறையில் ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் இயந்திரம் மதியம்வரை உறுமிக்கொண்டே இருக்கும். நாள் முழுக்க அந்த உறுமலைத் தின்ற காதுக்கு வீட்டில் வேறு ஏதாவது கொடுக்கவேண்டும் என்று அவள் நினைத்ததில் அதிசயம் இல்லை. பழைய கணினி ஒன்றில் பாட்டுகளைச் சேர்த்துவைத்து, விடிந்தும் விடியாத ஐந்தரை மணிக்கு, மற்றவர்கள் எழுமுன் ஒரு மணி நேரம் கேட்பாள். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் 'டொக்' என்று ஒரு சத்தம் வரும். அது என்ன என்று கேட்கத்தான் அந்த இணைய மன்றத்துக்குள் நுழைந்தாள்.

நுழைய ஒரு பெயர் வேண்டும் என்றது திரை. வேலையிடத்து மேசையில் உட்கார்ந்து பதிவு செய்துகொண்டிருந்தாள். கண்ணெதிரே ரத்தம் நிரப்பிய குழாய்கள். 'டியூப்' என்று அடித்தாள். மன்றத்து ஆட்களோ கண்ணாடி வால்வு வைத்த பழைய காலத்து ஆம்ப்ளிஃபையரைத்தான் டியூப் என்பார்கள். பழுத்த ரசிகர் ஒருவர் வந்து சேர்ந்திருக்கிறார் என்று முடிவுகட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து அவள் 'டியூப் சார்'. திருத்திவிட நினைத்தாள். முதல் வாரம் கூச்சமாக இருந்தது, இரண்டாம் வாரம் சோம்பலாக இருந்தது, மூன்றாம் மாதம் சொன்னால் அதுவே தனிச் சண்டையாகிவிடும் என்று பயமாக இருந்தது. விட்டுவிட்டாள்.

மன்றத்தில் ஒழுங்கு பார்த்துக்கொண்டிருந்த பழைய மாடரேட்டர் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போனார். மன்றத்தின் சொந்தக்காரர் வேறொரு நாட்டில் இருப்பவர், மாதத்துக்கு ஒரு தடவை எட்டிப்பார்ப்பவர். "இங்கே யாரையும் திட்டாமல் எழுதுகிற ஒரே ஆள் நீங்கள்தான் சார். கொஞ்ச நாள் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று அவளுக்கு எழுதினார். அந்தக் கொஞ்ச நாள் பத்து வருடமாகிவிட்டது.

கேபிளை மாற்றினால் பாடகியின் குரல் பக்கத்தில் வந்து நிற்கிறது என்பார் ஒருவர். கேபிளில் போவது ஒன்றும் பூஜ்ஜியமும், குரல் எந்தக் காலால் நடந்துவரும் என்பார் இன்னொருவர். நாலாவது பதிவில் ஒருவருடைய படிப்பை இன்னொருவர் விசாரிப்பார். ஏழாவதில் பரம்பரை வரும். அவள் அழிப்பாள். அழித்ததும், 'எங்கள் வாயை அடைக்கிறார்கள்' என்று புதிதாக ஒரு திரி தொடங்கும். திரி என்பது ஒரு கேள்வியும் அதன் கீழே தொங்கும் பதில்களும். மன்றத்தில் பதினோராயிரம் திரிகள் இருந்தன. உண்மையான கேள்விகள் நூறு தேறினால் அதிகம். கேட்டவர்களில் பாதிப் பேர் பதிலைப் படிக்கத் திரும்பி வருவதில்லை என்பதையும் அவள் கணக்கெடுத்திருந்தாள். கேட்டதோடு அவர்களுக்கு மனசு நிறைந்துவிடுகிறது. இதைப் புரிந்துகொண்ட பிறகும் ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைப் பொறுமை என்பதா, பழக்கதோஷம் என்பதா, தெரியவில்லை.

அவளுடைய கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். பக்கத்து இருக்கைக்காரருக்குத் தனியாக ஒரு பிரேக் வைத்த வண்டி அவருடையது. வீட்டில் டிவி பார்க்கும்போதுகூட அவர் கால் தரையை அழுத்தும்.

"உனக்கு எதுக்கு இந்த வேலை?" என்பார். "நானாவது பிரேக் மேல காலை வெச்சுக்கிட்டுத் திட்டறேன். உனக்குப் பிரேக்கும் இல்ல, ஸ்டியரிங்கும் இல்ல. சும்மா பக்கத்துல உக்காந்து பதறிட்டிருக்க."

"பூட்டு இருக்குங்க. திரியப் பூட்டலாம்."

"பூட்டினா?"

"வேற திரி தொறப்பாங்க."

மகள் காதில் செருகியிருப்பதைக் கழற்றாமலே சிரிப்பாள். "அம்மா, அவங்க யாரும் பாட்டே கேக்கறதில்ல. பெட்டியத்தான் கேக்கறாங்க."

அப்படிக் கேட்காத ஒருவர் அங்கே இருந்தார். டிவி மெக்கானிக், அறுபத்தாறு வயது. எந்தக் கோளாறைச் சொன்னாலும் "மொதல்ல ஃபியூஸப் பாருங்க" என்று தொடங்குவதால் அவருக்கு ஃபியூஸ் அண்ணன் என்று பெயர். அவளுடைய 'டொக்' சத்தத்துக்கு ஒன்பது நாள் விடாமல் பதில் எழுதியவர் அவர்தான். இதை மாற்றிப் பாருங்கள், அதைக் கழற்றிப் பாருங்கள், இன்று ஒன்றும் செய்யவேண்டாம் சும்மா கேளுங்கள் என்று எழுதிக்கொண்டே இருந்தார். பத்தாம் நாள் சத்தம் நின்றது. நன்றி என்று எழுதினாள். "நன்றிய நீங்களே வெச்சுக்குங்க. எதை மாத்தினதுல நின்னுச்சுன்னு எழுதுங்க, அடுத்தவனுக்கு ஆகும்" என்று பதில் வந்தது. இனிமையான மனிதர் என்று அவரை யாரும் சொன்னதில்லை. ஆனால் தெரியாததைத் தெரியாது என்று எழுதும் பழக்கம் அந்த மன்றத்தில் அவர் ஒருவருக்குத்தான் இருந்தது.

ஒரு கெட்ட பழக்கமும் இருந்தது. யாருக்குப் பதில் சொல்கிறாரோ அவருடைய கேள்வியை மேலே எடுத்துப் போட்டுவிட்டு எழுதுங்கள் என்று அவள் பலமுறை சொல்லியிருக்கிறாள். "கேள்விக்குக் கீழதானே எழுதறேன். கண்ணு இருக்கறவனுக்குத் தெரியாதா?" என்பார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு கையில் கரண்டியும் இன்னொரு கையில் மௌஸுமாக அவள் மன்றத்தைப் பார்த்தாள். வால்யூமைக் கம்ப்யூட்டரில் எவ்வளவு வைக்கவேண்டும் என்று அந்த வருடத்தில் ஒன்பதாவது ஆள் கேட்டிருந்தார். அவளுக்குப் பொறுமை போய்விட்டது. தேடினாள். நாலு வருடத்துக்கு முன்னால் 'வால்யூம்: கம்ப்யூட்டரிலா, ஆம்ப்ளிஃபையர் குமிழிலா?' என்று ஒரு பெரிய திரி ஓடியிருந்தது. அதே நாளில் தொடங்கி 'குமிழ் இல்லாத ஆம்ப்ளிஃபையரில் வால்யூம்?' என்று இன்னொன்றும் ஓடியிருந்தது. இரண்டையும் ஒன்றாக்கி முகப்பில் ஒட்டிவைத்துவிட்டால் பத்தாவது ஆளை அங்கே அனுப்பிவிடலாம். இரண்டுக்கும் நேராகக் குறியிட்டு 'இணை' என்ற பொத்தானை அழுத்தினாள். 'இதைத் திரும்பப் பெற இயலாது' என்று ஓர் அறிவிப்பு வந்தது. எதை அழுத்தினால்தான் அந்த அறிவிப்பு வராமல் இருக்கிறது? சரி என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டாள். சாப்பாடு ஆறிப்போயிருந்தது.

மூன்று வாரம் கழித்து ஒரு பல் டாக்டர் எழுதினார். மன்றத்துக்குப் புதியவர். 'உங்கள் ஃபியூஸ் அண்ணனுக்கு என் நன்றி' என்பது தலைப்பு. அவரிடம் இருந்தது, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கத் திருகும் குமிழ் இல்லாத ஆம்ப்ளிஃபையர். கணினி அனுப்புவதை அப்படியே பெருக்கி ஸ்பீக்கருக்குத் தள்ளிவிடும் வகை. முகப்பில் ஒட்டியிருந்த திரியைப் படித்திருக்கிறார். அவருடைய கேள்வியையே அங்கே ஒருவர் கேட்டிருந்தார்: "என் ஆம்ப்ளிஃபையரில் குமிழ் இல்லை. கம்ப்யூட்டரில் எவ்வளவு வைப்பது?" அதற்கு நேர் கீழே ஃபியூஸ் அண்ணன்: "ஃபுல்லா வைங்க. பயப்படாதீங்க. கொறைச்சாதான் தப்பு."

பல் டாக்டர் முழுதாக வைத்தார். பாட்டைப் போட்டார். சில விநாடிதான். ஸ்பீக்கரில் உச்சஸ்தாயிக்காக இருக்கும் சின்ன உறுப்பு, ட்வீட்டர், இரண்டு பக்கமும் கருகிவிட்டது. "அதாவது போகட்டும். நாலு நாளாக என் இடது காதில் ஊய் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. நோயாளி வாயைத் திறந்துகொண்டு சொல்வது பாதி புரியவில்லை" என்று எழுதி, அந்தப் பக்கத்தைப் படம்பிடித்து ஒட்டியிருந்தார்.

மன்றத்துக்கு அது விருந்து. கேபிள் கட்சியின் தலைவரை எல்லோரும் தங்கக்காது என்பார்கள். பூச்சி பறக்கும் சத்தத்திலேயே நல்லது கெட்டது பிரிப்பவர் என்று அவரே சொல்லிக்கொள்வார். ஃபியூஸ் அண்ணனிடம் வருடக்கணக்கில் வாங்கிக்கட்டிக்கொண்டவர் அவர். "கேபிளை நம்பினா முட்டாளுன்னீங்க. இப்ப யாரு முட்டாள்?" என்று ஆரம்பித்தார். மாலைக்குள் ஆறு பக்கம் ஓடிவிட்டது. இவர் எழுதியதையெல்லாம் இனி எப்படி நம்புவது என்று கேட்டவர்களில், இவரிடம் உதவி வாங்கியவர்களே ஏழு பேர்.

அவளும் அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். கேள்வி, கேள்விக்குக் கீழே பதில். அண்ணனுக்கு வயதாகிவிட்டது என்று தோன்றியது. கரண்டியும் கையுமாக ஒரு பொத்தானை அழுத்தியது நினைவுக்கே வரவில்லை. பத்து வருடமாக ஒருவரைத் தெரியும் என்று சொல்லிக்கொள்கிறோம். ஒரு படத்தைக் காட்டினால் பத்து விநாடியில் கைவிட்டுவிடுகிறோம். அவள் இந்த விஷயத்தில் மற்றவர்களைவிட ஒன்றும் மேலாக இல்லை.

மறுநாள் காலை ஃபியூஸ் அண்ணனிடமிருந்து தனிமடல் வந்திருந்தது.

"டியூப் சார், அது நான் எழுதினதுதான். என் எழுத்து எனக்குத் தெரியும். குமிழ் இல்லாத ஆம்ப்ளிஃபையருக்கு ஃபுல்லா வைன்னு சின்னப் புள்ளகூடச் சொல்லாது. எப்படிச் சொன்னேன்னு யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன், ஒண்ணும் ஞாபகம் வரல. போன மாசம் சால்டரிங் அயர்ன அணைக்காம கடையப் பூட்டிட்டு வந்துட்டேன். அப்பவே என் பையன் கடை போதும்ப்பான்னான். நாலாயிரத்துச் சொச்சம் பதிவு எழுதியிருக்கேன். அதுல இன்னும் எத்தனை இப்படி இருக்கோ. கரண்டு விஷயம், யாரையாவது கொன்னுடும். மொத்தத்தையும் அழிச்சிடுங்க. நான் இப்ப எந்த செட்டையும் தொறக்கறதில்ல."

கொஞ்சம் யோசியுங்கள் அண்ணே என்று பதில் எழுதினாள்.

"யோசிக்கறதுதான் சார் இப்ப பிரச்சினையே" என்று வந்தது.

உறுப்பினர் ஒருவர் தன் பதிவுகளை அழிக்கச் சொன்னால் ஏழு நாளுக்குள் அழித்தாகவேண்டும். ஞாயிற்றுக்கிழமையோடு கெடு. அழித்தால் போனதுதான். தன் பிழைகளைப் பிறர் மீது ஏற்றிவைக்காத ஒரே ஆளின் பத்து வருடத்து எழுத்து. அவளுடைய 'டொக்' உட்பட.

வியாழக்கிழமை மதிய இடைவேளையில், அழிப்பதற்கு முன்னால் அந்தப் பதிவுகளுக்குத் தன்னிடம் ஒரு நகல் இருக்கட்டும் என்று நினைத்தாள். மன்றத்தில் யார் என்ன எழுதினாலும் அந்த நிமிடமே மாடரேட்டருக்கு ஒரு மெயில் வரும். எந்தத் திரியில் எழுதினார்கள் என்பது அதன் தலைப்பில் இருக்கும். பத்து வருடமாக ஒன்றையும் அவள் அழித்ததில்லை. குப்பைத்தொட்டிக்குக் காவல் இருக்கிறாய் என்று கணவர் கேலி செய்வார். ஃபியூஸ் அண்ணன் பெயரைப் போட்டுத் தேடினாள். 'ஃபுல்லா வைங்க' என்ற மெயிலை முதலில் திறந்தாள். தலைப்பைப் படித்தாள். மறுபடி படித்தாள்.

'வால்யூம்: கம்ப்யூட்டரிலா, ஆம்ப்ளிஃபையர் குமிழிலா?'

அவர் பதில் சொன்னது குமிழ் உள்ள ஆளுக்கு. ஒரு பள்ளிக்கூட வாத்தியார் மாலை ஏழு பத்துக்குக் கேட்டிருக்கிறார். அவருக்குக் கணினியில் முழுதாக வைத்துவிட்டு குமிழில் குறைத்துக்கொள்வதுதான் சரி. ஏழு இருபதுக்கு அண்ணன் அதைத்தான் எழுதியிருக்கிறார். நடுவே, ஏழு பதினைந்துக்கு, வேறு திரியில், வேறு ஒருவர் குமிழ் இல்லை என்று கேட்டிருக்கிறார். இரண்டு திரிகளையும் இணைக்கச் சொன்னபோது இயந்திரம் தனக்குத் தெரிந்த ஒரே முறையில் இணைத்தது: கடிகாரத்தைப் பார்த்து அடுக்கியது. வாத்தியார் கேள்விக்கும் பதிலுக்கும் இடையில் குமிழ் இல்லாதவர் வந்து உட்கார்ந்துகொண்டார். குமிழ் இல்லாதவருக்கு அண்ணன் மறுநாள் எழுதிய பதிலும் இருந்தது. "ஒயரப் புடுங்கிட்டு மொதல்ல என்கிட்டப் பேசுங்க" என்று. இணைத்த பிறகு அது நாற்பது பதிவு தள்ளி, மூன்றாம் பக்கத்தில் கிடந்தது.

ஒருவர் சொன்னதைப் பொய்யாக்க அதில் ஓர் எழுத்தைக்கூட மாற்றவேண்டியதில்லை. சொன்ன இடத்திலிருந்து கொஞ்சம் நகர்த்தி வைத்தால் போதும்.

நுண்ணோக்கியில் வேலை செய்யும் தோழி எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். "என்னடி ஆச்சு? மூஞ்சி வெளுத்துப்போச்சு."

"ரெண்டு பேரு குழாயயும் ஒண்ணாக் கொட்டிட்டேன்."

தோழி எழுந்தே விட்டாள். "எந்த பேஷன்ட்டு? எப்ப?"

"இங்க இல்ல. மன்றத்துல."

"சனியனே, உசுரே போயிடுச்சு எனக்கு. அங்கதானே, போனாப் போகுது."

"அங்கயும் ஆளுங்கதான் இருக்காங்க."

"இருக்கட்டும். அந்த ஆளுங்க ஊசி போட்டா உன் கையப் புடிச்சுக் கத்தப்போறாங்களா? சாப்பிடு."

அவள் சாப்பிடவில்லை. அவசரம் அவசரமாக அந்த ஒரு பதிவை எடுத்து வாத்தியார் கேள்விக்குக் கீழே கொண்டுபோய் வைத்தாள். இன்னொரு ஆளும் படித்துவிட்டுக் காதைக் கெடுத்துக்கொள்ளக்கூடாது என்றுதான். வேலை முடிந்து வீட்டுக்குப் போய், குளித்துவிட்டு, நிதானமாக உட்கார்ந்து எழுதினாள்: இரண்டு திரிகளை இணைத்தது நான். அதனால் பதில் இடம் மாறியது. ஃபியூஸ் அண்ணன் எழுதியதில் தவறு இல்லை. தவறு என்னுடையது. பல் டாக்டரிடமும் அண்ணனிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்.

உண்மையைச் சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று நினைக்கிறோம். கேட்பதற்கு ஆள் இருந்தால்தானே இறங்கும்?

"நேத்து வரைக்கும் இருந்த பதிவு இன்னைக்கு அந்த இடத்துல இல்ல. சாட்சிய ஒளிச்சு வெச்சுட்டு வாக்குமூலம் குடுக்கறாங்க" என்றார் தங்கக்காது. சில விநாடி முழு வால்யூமில் ட்வீட்டர் கருகுமா கருகாதா என்று இருவர் தொடங்கினார்கள். அது நாலு பக்கம் ஓடியது. கருகியதற்குக் காரணம் கேபிள்தான் என்று அந்த நாலு பக்கத்துக்குள் ஒருவர் நிரூபித்தும் விட்டார். மன்னிப்பில் ஓர் எழுத்துப்பிழை இருந்ததை இன்னொருவர் சுட்டிக்காட்டினார். பல் டாக்டர் மட்டும் நியாயமாக ஒன்று கேட்டார்: "யார் தப்பு என்பது எனக்கு வேண்டாம். காது எப்போது சரியாகும்?" அதற்கு மட்டும் ஒருவரும் பதில் எழுதவில்லை. காது டாக்டரிடம் இன்றே போங்கள் என்று அவள்தான் எழுதினாள்.

ஃபியூஸ் அண்ணன் தனிமடலில் எழுதியிருந்தார். "சார், உங்க நல்ல மனசு புரியுது. எனக்காகப் பழிய உங்க தலையில எடுத்துப் போட்டுக்கறீங்க. பதிவையும் நகத்தி வெச்சிருக்கீங்க, பாத்தேன். வேணாம் சார். ஞாயித்துக்கிழமை அழிச்சிடுங்க."

அவள் திரையைப் பார்த்துக் கத்தியே விட்டாள். "ஐயோ, நான் நல்லவ இல்லய்யா!"

கணவர் டிவியிலிருந்து திரும்பினார். கால் தரையை அழுத்தியது. "யாரு சொன்னது நல்லவன்னு?"

விஷயத்தைச் சொன்னாள். அவர் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டார். "போன் பண்ணிச் சொல்லேன்" என்றார்.

"நம்பர் இருக்கு. எப்பவோ குடுத்தாரு. ரெண்டு நிமிஷத்துல முடியற விஷயத்துக்கு எதுக்கு சார் பத்து மடல்னு."

"அப்புறம் என்ன?"

"பண்ணினா நான் சார் இல்லன்னு தெரிஞ்சிடும்."

"அந்த மனுஷன் தன் மூளையே கெட்டுப்போச்சுன்னு உக்காந்திருக்காரு. நீ சாரா மேடமான்னு பாத்துட்டிருக்க."

அவர் சொன்னது சரிதான். சரியாகச் சொன்னதற்காகவே அன்று முழுக்க அவர்மேல் எரிச்சலாக இருந்தது.

ஞாயிறு காலை மன்றத்தின் சொந்தக்காரரிடமிருந்து ஒரு வரி வந்திருந்தது: 'கெடு இன்று. அழித்து முடித்துவிடுங்கள் சார், தொல்லை விட்டது.' அவள் கதவைச் சாத்திவிட்டு எண்ணை அழுத்தினாள்.

"ஹலோ."

"அண்ணே, நான் டியூப் பேசறேன்."

"யாரு?"

"மன்றத்துல. மாடரேட்டரு."

"டியூப் சார் வீட்டம்மாவா?"

"நான்தான்ணே டியூப் சார்."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. "பாருங்க, இதையும் மறந்துட்டேன் போல. பொம்பளைன்னு எப்பவோ சொல்லியிருந்தீங்களா?"

"இல்லண்ணே. சொல்லவே இல்ல. பத்து வருஷமா யாருக்கும் சொல்லல. நீங்க எதையும் மறக்கல."

"அப்படியா?" அவர் குரலில் நம்பிக்கை இல்லை. "சரிம்மா. எனக்காகப் பேசறீங்க. சந்தோஷம்."

"உங்களுக்காக இல்லண்ணே. ரெண்டு மெயில் அனுப்பியிருக்கேன். நாலு வருஷத்துக்கு முந்தி வந்தது. தலைப்பப் பாருங்க, மணியப் பாருங்க."

கண்ணாடி எங்கே என்று அவர் மனைவியிடம் கேட்பது கேட்டது. நாற்காலி இழுபட்டது. பிறகு அவர் தலைப்பை முணுமுணுத்துப் படிப்பது கேட்டது.

"இந்த மெயில நீங்களே மாத்தி எழுதி அனுப்ப முடியாதா?"

"முடியும்ணே."

"அப்ப இது செல்லாது."

"சரி, பதில் வந்தா கேள்வி கேட்டவங்களுக்கும் மெயில் போகும். வாத்தியாருக்கும் இதே மெயில் போயிருக்கும். அவரு உங்களுக்குப் பழக்கம்தானே? அவரயே கேளுங்க. நான் லைன்லயே இருக்கேன்."

இன்னொரு போனை எடுத்து அவர் பேசுவது தூரத்தில் கேட்டது. "வாத்தியாரே, ஒரு பழைய மெயில் தேடணும்... ஏன் எதுக்குன்னு அப்புறம் சொல்றேன்... நீங்களே படிங்க, நான் ஒண்ணும் சொல்லித்தர மாட்டேன். தலைப்பு? ம். மணி? ம். கீழ என்ன எழுதியிருக்கேன்? ம். மறுபடி தலைப்பப் படிங்க." ஒரு பழுதான செட்டை அளந்து பார்ப்பது போலத்தான் பார்த்தார். அன்பாகச் சொன்னதை மூன்று நாளாக நம்ப மறுத்த மனிதர் அளவுகோல் சொன்னதை ஏற்றுக்கொண்டார்.

திரும்பி வந்தபோது வேறு குரல்.

"அறிவிருக்கா உனக்கு?"

"அண்ணே..."

"பேசாத. ரெண்டு செட்டோட ஒயர ஒண்ணா முறுக்கிட்டு, கரண்டு குடுத்துட்டு, சாப்பிடப் போயிருக்க. திரும்பப் பெற இயலாதுன்னு போட்டிருந்துச்சா இல்லயா?"

"போட்டிருந்துச்சு."

"படிச்சியா?"

"படிச்சேன்."

"படிச்சுட்டு அழுத்தினியா! எம் பொண்டாட்டி ஒளிஞ்சு ஒளிஞ்சு அழுதுட்டிருக்கா. எம் பையன் டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனான். அந்த டாக்டர்ப் பொடியன் ஞாபகசக்தியச் சோதிக்கறேன்னு என்கிட்ட ஒரு காகிதத்தக் குடுத்து, தாத்தா ஒரு கடிகாரம் வரைங்கன்னான். அறுபத்தாறு வயசுல கடிகாரம் வரைஞ்சேம்மா! சின்ன முள்ளு பெரிய முள்ளு எல்லாம் சரியா வெச்சேன். நல்லா இருக்கீங்கன்னான். நான் நம்பல. எனக்குத்தான் என் பதிவு கண்ணு முன்னாடி இருக்கே."

பதினொரு நிமிடம் திட்டினார். பத்து வருடமாக அவள் திட்டுகளை அழித்துக்கொண்டிருந்தவள். இதில் ஒரு வார்த்தையைக்கூட அழிக்கத் தோன்றவில்லை. 'நீங்க' எப்போது 'நீ' ஆனது என்று கவனித்தாள்.

மூச்சு வாங்க அவர் நிறுத்தியபோது கேட்டாள். "பதிவுங்கள அழிக்கவா, வேணாமாண்ணே? இன்னைக்குக் கெடு."

"கைய வெச்சுப் பாரு. மொதல்ல அந்தத் திரியப் பிரி. ஒவ்வொண்ணா. எது எங்க இருந்துச்சோ அங்க. முடிச்சதும் சொல்லு, நான் சரிபாப்பேன். அது வரைக்கும் அங்க ஒரு வார்த்த எழுத மாட்டேன்."

வைத்துவிட்டார்.

இருநூற்றுப் பன்னிரண்டு பதிவுகள். ஒவ்வொன்றுக்கும் பழைய மெயிலைத் தேடி, தலைப்பைப் பார்த்து, இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தள்ளவேண்டும். இணைக்க ஒரு பொத்தான் இருந்தது, பிரிக்க இல்லை. மகள் எட்டிப் பார்த்தாள். "எத்தனை ஆச்சு?" பதினாறு என்றாள். "இன்னும்?" அவள் அடுத்த மெயிலைத் திறந்தாள். மகள் காதிலிருந்ததைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, கொஞ்ச நேரம் தலைப்புகளை உரக்கப் படித்தாள். இருபது படித்ததும் அலுத்துவிட்டது. "இவ்வளவும் வால்யூம் பத்தியா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். இதற்கிடையில் தங்கக்காது, முகப்பிலிருந்த திரி ஏன் சின்னதாகிக்கொண்டே வருகிறது என்று கேள்வி எழுப்பியிருந்தார்.

அறுபத்துமூன்றில் போன் அடித்தது.

"அந்தப் பல் டாக்டர் நம்பரக் குடு" என்றார் ஃபியூஸ் அண்ணன். பின்னால் எதையோ உலோகப் பெட்டியில் போட்டு உருட்டும் சத்தம். "ட்வீட்டர் மட்டும்தானே போயிருக்கு. பெட்டிய அனுப்பச் சொல்லு. தொறந்து மாத்திடறேன்."

"நம்பரு குடுக்கக் கூடாதுண்ணே. உறுப்பினர் நம்பர வெளிய தரக்கூடாதுன்னு விதி இருக்கு."

"எந்த மடையன் எழுதினான் அந்த விதிய?"

"நான்தான்."

"அதானே பாத்தேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

ஃபியூஸ் அண்ணன் உங்கள் ஸ்பீக்கரைத் திறந்து பார்க்கவேண்டும் என்கிறார், உங்கள் எண்ணை அவருக்குத் தரலாமா என்று பல் டாக்டருக்கு எழுதிவிட்டு, அறுபத்துநாலாவது பதிவுக்கு வந்தாள். அதில் ஒருவர் 'ஆமாம்' என்று மட்டும் எழுதியிருந்தார். எதற்கு ஆமாம் என்று தெரியவில்லை. மெயில் பெட்டியைத் திறந்து அந்த ஆமாமைத் தேடத் தொடங்கினாள்.